திதிக்கு வராத மருமகள்

காமயகவுண்டன்பட்டி
ஆவணி 25

கயலுக்கு உன் அத்தை சங்கிலியம்மாள் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. நீ கேட்கவும் மாட்டாய்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் "ம், ம்" என்று மட்டும் சொல்வது எதனால் என்று உனக்குத் தெரியாது. மணி அடித்ததும் உன் சின்ன மாமா பால்பாண்டி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் பொண்டாட்டி, எதிர்வீட்டுக்காரி, பால் ஊற்ற வருகிறவள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்கள். புருஷனோடு கூடப் பிறந்தவர், நல்லது கெட்டதுக்கு நிற்கிறவர், அவரை எழுந்து போங்கள் என்று சொல்ல முடியுமா. அதனால் தாளில் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தது எங்கேயும் போய்விடவில்லை, கைதான் வலிக்கிறது. எழுதி முடித்ததும் உன் புருஷன் போனிலேயே போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவேன். அனுப்பப் பழகிக்கொண்டேன். படத்தில் என் கட்டைவிரலும் விழுகிறது, அதைப் பொறுத்துக்கொள்.

ஊர் என்ன பேசுகிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம். என் மகன் ஈஸ்வரபாண்டி செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவன் பொண்டாட்டி படிக்கிறேன் என்று கடல் தாண்டிப் போய்விட்டாள் என்று பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கு வேறு ஒன்று இருக்கிறது.

நீ புறப்பட்ட அன்றைக்குக் கார் வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "அத்தை, போயிட்டு வர்றேன்" என்று ஒரு சொல் கேட்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள்தான் சொல்லாமல் போவார்கள். நீ வாழ வந்த வீடு உனக்கு இழவு வீடாகப் போய்விட்டதா. திரும்பி வர மனசில்லை என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம். நான் தாங்குவேன். தாங்காதது இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது.

பெட்டியில் பச்சைச் சேலைக்குள் கப் சாம்பிராணி வைத்திருக்கிறேன். மாசா மாசம் அவன் திதி வருகிற அன்றைக்குச் சாயங்காலம் ஒன்று பொருத்தி, அவன் படத்துக்குக் காட்டு. இதையாவது செய்வாய் என்று நினைக்கிறேன்.

சங்கிலியம்மாள்


ஓலு, பின்லாந்து
செப்டம்பர் 15

அத்தைக்கு,

முதல் பக்கத்தில் பாதி உங்கள் கட்டைவிரல்தான். மீதியைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னது ஸ்பீக்கருக்காகச் சொன்னது. இங்கே ஆறு பேருக்கு ஒரு சமையலறை. ஆளுக்கு ஒரு தட்டு அலமாரி. நான் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு போய், குக்கர் விசில் அடிக்காமல் சோறு வைத்து, அறைக்கு எடுத்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். எதிர் அறையில் ஐனோ என்று ஒரு பெண். இந்த ஊர்க்காரி. நான் நடையில் இருக்கும் சத்தம் கேட்டால் நான் உள்ளே போகும் வரை அவள் வெளியே வருவதில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இங்கே எல்லாரும் எல்லாரிடமும் அப்படித்தானாம். அடுத்தவருக்குத் தொந்தரவு தராத மரியாதையாம்.

வாத்தியார் பெயர் மார்க்கு. ஐம்பது வயதுக்காரர். அவரை வெறும் மார்க்கு என்றுதான் கூப்பிட வேண்டும், சார் என்றால் யாரைச் சொல்கிறாய் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார். எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் தானாகத் திரும்பும் வரை நிற்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன் அத்தை. கார்க்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சின்ன மாமா, சின்னத்தை, பால் ஊற்றுகிறவள் வரை வந்து நின்றார்கள். நீங்கள் அடுப்படியை விட்டு வரவில்லை. மதுரையில் படிக்கும் பெண்களில் ஒருத்தியை ஒரு வருஷம் இங்கே அனுப்பும் இந்தத் திட்டத்துக்கு என் பெயர் வந்ததிலிருந்து நீங்கள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கடைசியிலும் முகம் காட்டவில்லை. உள்ளே வந்து சொல்லலாம் என்று காலெடுத்து வைத்தேன். சின்னத்தை கையைப் பிடித்து, "வருசம் கழியாத வீடுத்தா, போயிட்டு வர்றேன்னு சொல்லிப்புடாத. பேசாம ஏறு" என்று சொன்னார். ஏறிவிட்டேன்.

யார் யாரிடம் சொல்லாமல் போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

கயல்


காமயகவுண்டன்பட்டி
புரட்டாசி 5

கயலுக்கு,

உன் எழுத்து தினுசு தினுசாகச் சாய்கிறது. கோபத்தில் எழுதியிருக்கிறாய். 

நான் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கிறாய். பயணம் போகிறவள் எதிரில் அறுதலி வந்து நிற்கலாமா. இருபது வருஷமாக யார் வீட்டு நல்ல காரியத்துக்கும் முன்னால் போய் நின்றவள் இல்லை நான். உன் கல்யாணத்தில்கூடப் பின்னால்தான் நின்றேன். நீ அவ்வளவு தூரம் ஆகாசத்தில் போகிறாய், என் முகத்தில் முழித்துவிட்டுப் போய் ஒன்று ஆகிவிட்டால் என்று நினைத்தேன். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாய். துப்பட்டா கார் கதவில் மாட்டியது, திறந்து மறுபடி சாத்தினாய். நான் பார்க்கவில்லையா இதையெல்லாம்.

போ என்று நான் சொல்லாதது, சொன்னால் அழுதுவிடுவேன் என்று. போகாதே என்று சொல்லாதது, சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று.

மறுபடி ஏலக்காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசுகிறது. வெள்ளென எழுந்து மற்ற பொம்பளைகளோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளாப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுத்து, பொழுது சாய இறங்குகிறேன். நம் ஜீப் இல்லை, ஏசுதாசன் என்கிற தம்பியின் ஜீப். நம் பையன் ஜீப்பில் வந்த அதே பதினாலு பேர்தான். சுருளியம்மாளை உனக்குத் தெரியும், வெற்றிலை போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவாளே. நம் பையன் மேல் மரம் விழுந்த வளைவு வரும்போது அவள் வாயும் நின்றுவிடுகிறது. வளைவு தாண்டின பிறகுதான் யாராவது இருமுவார்கள்.

அந்தக் குளிர் தேசத்தில் தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு.

சங்கிலியம்மாள்


ஓலு
அக்டோபர் 7

அத்தைக்கு,

முதலில் சகுனக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நானும் அறுதலிதானே. அறுதலிக்கு எதிரில் அறுதலி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைத்திருக்கிறார்களா. இனிமேல் நான் எங்கே போனாலும் நீங்கள் நேர் எதிரில் வந்து நிற்க வேண்டும். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அடுப்படிக்குள் வந்து சொல்லாதது என் தப்பு. சின்னத்தை கையை உதறியிருக்கலாம்.

இனி அடுத்த செய்தி. உங்கள் சாம்பிராணியால் ஓலு நகரத்துத் தீயணைப்பு வண்டி வந்தது.

சனிக்கிழமை அவர் திதி. சாயங்காலம் குளித்து, மேசையில் அவர் படத்தை வைத்து, கப்பைப் பொருத்தினேன். புகை அடர்த்தியாக எழுந்தது, நம் வீட்டு வாசம். கண்ணை மூடி நின்றேன். அறையின் கூரையில் வட்டமாக ஒன்று இருக்கும், அது என்னவென்று நான் கேட்டுவைத்ததில்லை. அது கத்தியது. அடுத்து நடையில் கத்தியது. பிறகு கட்டடம் முழுக்கக் கத்தியது. ஆறு மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கி ஓடினார்கள். கீழே ஆவிக் குளியல் அறை இருக்கிறது, அங்கே இருந்தவர்கள் துண்டோடு வந்து மழையில் நின்றார்கள். நான் ஒரு கையில் கப், ஒரு கையில் அவர் படத்தோடு இறங்கினேன்.

வண்டியிலிருந்து இறங்கியவர் நல்ல உயரம். என்ன எரிந்தது என்று கேட்டார். நான் கப்பைக் காட்டினேன். இது எதற்கு என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "என் கணவர் இறந்துவிட்டார். இன்று அவருக்குப் புகை காட்டும் நாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இந்த ஊரில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை அத்தை. இங்கிலீஷில் சொன்னதே அன்றுதான். நம் பேச்சில் சொன்னால் அழுதுவிடுகிறேன், இதில் நேராக வெளியே வந்துவிட்டது.

அந்த ஆள் தலைக்கவசத்தைக் கழற்றினார். கப்பை என் கையிலிருந்து வாங்கி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குக் கொண்டுபோய் மழை படாத இடத்தில் வைத்தார். "இங்கே வைத்தால் எதுவும் கத்தாது" என்றார். யாரும் மேலே போகவில்லை. துண்டு கட்டிக்கொண்டு நின்றவர்கள்கூட, அது எரிந்து தணியும் வரை வாயைத் திறக்காமல் நின்றார்கள். பேசாமல் நிற்பதில் இந்த ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பிறகு ஐனோ என் கதவைத் தட்டினாள். ஏலக்காய் போட்ட ரொட்டி கொண்டு வந்திருந்தாள். இவர்கள் ரொட்டியில் ஏலக்காய் போடுகிறார்கள். அது எங்கள் ஊர் மலையில் என் அத்தை எடுத்த காயாக இருக்கலாம் என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். இப்போது சமையலறையில் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். குக்கர் விசிலுக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள்.

படிப்பில் மட்டும் இன்னும் நிமிரவில்லை. ஆறு உறைந்த பிறகு பனியில் துளை போட்டு, அடியில் ஓடும் தண்ணீரை எடுத்துச் சோதித்து, அதைப் பற்றி எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். போன வாரம் ஒத்திகை. இரண்டு வரி பேசினேன், நின்றுவிட்டேன். மார்க்கு காத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். உண்மையான பரீட்சை டிசம்பர் நான்கு. அதில் தேறினால்தான் அடுத்த அரை வருஷம் இங்கே இருக்க முடியும்.

கயல்


காமயகவுண்டன்பட்டி
ஐப்பசி 8

கயலுக்கு,

தீயணைப்பு வண்டியை ஜீப்பில் சொன்னேன். சுருளியம்மாள் சிரித்ததில் வெற்றிலைச் சாறு முன்னால் உட்கார்ந்தவள் முதுகில் தெறித்தது. "அந்தத் துண்டு கட்டுனவக பாவம், ஆயுசுக்கும் சாம்பிராணியை மறக்க மாட்டாக" என்கிறாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் நினைவு வந்து வாயைப் பொத்தினேன்.

இனிமேல் எழுதுவது சிரிக்கிற விஷயம் இல்லை. டிசம்பர் நான்கு என்கிறாயே, அது நமக்குக் கார்த்திகை பத்தொன்பது. வருஷத் திதி அன்றைக்குத்தான். நேற்று பால்பாண்டி வந்து உட்கார்ந்தார்.

"மதினி, கயலு எப்ப வருது?"

"பரிச்சை இருக்காம்."

"பரிச்சையா. புருசன் வருசத் திதிக்குக் கட்டுனவ இல்லாம என்ன திதி? பங்காளிக நாளைக்கு என் மூஞ்சியில காறித் துப்புவாக."

"அது படிக்கத்தானே போயிருக்கு."

"படிக்கட்டும், நான் வேணாம்ங்கல. வந்து ஒரு நாள் நின்னுட்டுப் போகச் சொல்லுங்க. அது வந்தா என் மகன் தமிழ்மாறன் பிண்டம் வைப்பான். வரலையா, எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் திதி குடுக்கச் சுருளி அருவிக்கு வர மாட்டோம். அம்புட்டுத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. கருமாதிக்கு ஓடி ஓடிச் செய்தவர். பிள்ளை இல்லாமல் போனவனுக்குப் பங்காளி மகன்தான் செய்ய வேண்டும் என்பது உனக்கும் தெரியும்.

என் மனசையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்தால் நல்லது என்றுதான் எனக்கும் இருக்கிறது. வருஷம் திரும்புகிற அன்றைக்கு ஒண்டியாக நின்று பார்க்க என்னால் ஆகாது. உன் பக்கத்தில் நின்றால் அழுகிறதுக்காவது ஒரு தோள் இருக்கும். வாத்தியாரிடம் கேள். ஒரு வாரம் வந்துவிட்டுப் போ.

சங்கிலியம்மாள்


ஓலு
நவம்பர் 8

அத்தைக்கு,

வருகிறேன்.

மார்க்குவிடம் கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கேட்டேன், அந்த அவசரத்தில் வந்துவிட்டது. அவர் இரக்கப்பட்டார். ஆனால் ஆற்றில் துளை போடும் வேலை எங்கள் குழுவுக்கு அந்த வாரம் மட்டும்தான். பேச்சும் அதோடுதான். தவறவிட்டால் அடுத்த குளிர்காலம். அதற்குள் என் ஒரு வருஷம் முடிந்துவிடும். அடுத்த அரை வருஷத்துக்கும் பெயர் எடுத்துவிடுவார்கள். அதாவது வந்தால் வந்ததுதான்.

நான்காம் தேதி இந்த மாதத் திதிக்குச் சைக்கிள் கொட்டகையில் சாம்பிராணி போட்டேன். பனி விழுந்திருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. ஐனோ வந்தாள். பிறகு மூன்றாம் மாடிக்காரர்கள் வந்தார்கள். துண்டு கட்டிக்கொண்டு நின்றவர்களில் இரண்டு பேர் இந்தத் தடவை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உங்கள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை. இந்தத் திட்டத்துக்கு மனுப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர். ஜீப்பில் பக்கத்தில் உட்காரவைத்து, கம்பம்மெட்டில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, படிவத்தைப் போனிலேயே என்னை நிரப்பச் சொன்னார். இப்போது அவர் திதிக்காகவே இதை விட்டுவிட்டு வந்தால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு வருஷம்தான் பழக்கம். உங்களுக்கு முப்பத்தொரு வருஷம். நீங்கள் வா என்றால் அது சரியாகத்தான் இருக்கும்.

டிக்கெட் பார்க்கிறேன்.

கயல்


காமயகவுண்டன்பட்டி
கார்த்திகை 3

கயலுக்கு,

வராதே.

டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. என்னவோ கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ வருவதை ஜீப்பில் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒருத்தி முகமும் மலரவில்லை. மரம் விழுந்த வளைவு வந்தது. வழக்கமாக வாயை மூடிக்கொள்ளும் சுருளியம்மாள் அன்றைக்கு அங்கே வைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நடந்ததை உங்களுக்கு முழுசா யாரும் சொல்லலை."

"எதைடி?"

"கிளை ஒண்ணு ரோட்டுல கெடந்துச்சு. மழை ஊத்துது. எறங்காத தம்பி, மழை விடட்டும்னு நான்தான் சொன்னேன். தம்பி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நேரமாச்சுன்னா கங்காணி உங்களைத் திருப்பி அனுப்பிருவான்க்கா. பதினாலு பேருக்கும் ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். இந்தா, ஒரு இழுப்பு'ன்னு சொல்லிட்டு எறங்குச்சு. கிளையை இழுத்துப் போட்டுட்டு நிமிந்துச்சு. அப்பத்தான் மேல இருந்து மரம் வந்துச்சு."

ஏசுதாசன் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டான்.

"எங்க ஒரு நாள் வேலை கெட்டுறக் கூடாதுன்னு எறங்குன பிள்ளைக்கா நீங்க, அது பொண்டாட்டி வேலையைக் கெடுத்துத் திதி குடுக்கப்போறீக?" என்றாள்.

அன்றைக்குக் காய் எடுக்கும்போதெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் இருந்தது. அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். இந்தா ஒரு இழுப்பு என்பது அவன் பேச்சுத்தான். ஒரு வருஷமாக அவன் எதற்கு இறங்கினான், எதற்கு இறங்கினான் என்று சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் என் பக்கத்துச் சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

இறங்கினதும் நேராகப் பால்பாண்டி வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயலு வரலை" என்றேன்.

"டிக்கெட் போடுறதா சொன்னீக?"

"நான்தான் வர வேணாம்னுட்டேன்."

"மதினி, யோசிச்சுத்தான் பேசுறீகளா? நாங்க வர மாட்டோம். பிண்டம் யாரு வைப்பா?"

"நான் வைப்பேன்."

"பொம்பளையா?"

"பெத்தவ."

டிவியை அணைத்தார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது, சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். முடிந்ததும் வந்துவிட்டேன். முன்னே எல்லாம் அவர் சத்தம் போட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்குப் பசித்தது. வந்து ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன்.

நான் ஒண்டியாக நிற்க முடியாது என்று எழுதினேனே, அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நின்றுதான் பார்க்கிறேன். நீயும் அங்கே உட்காராமல் நில். போன தடவை நடுவில் உட்கார்ந்துவிட்டாய் என்றாய். பேச வராவிட்டாலும் நின்றுகொண்டே இரு. எவ்வளவு நேரம்தான் பேச்சு வராமல் இருக்கும்.

சங்கிலியம்மாள்


ஓலு
நவம்பர் 20

அத்தைக்கு,

டிக்கெட் எடுக்கவில்லை. எடுக்கக் கை போகவில்லை, நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம்.

அவர் எதற்கு இறங்கினார் என்பதை நீங்கள் எழுதிய பக்கத்தைச் சமையலறையில் ஐனோவுக்கு வரி வரியாக மாற்றிச் சொன்னேன். கங்காணிக்கு அவர்கள் பாஷையில் சொல் இல்லை. இந்தா ஒரு இழுப்பு என்பதற்கும் இல்லை. இரண்டையும் தமிழிலேயே கற்றுக்கொண்டாள்.

ஆறு உறைந்துவிட்டது. அதன் மேல் நடந்தேன். முதலில் காலடியில் டொக் என்று ஒரு சத்தம் கேட்கிறது, உயிரே போகிறது. பிறகு பழகிவிடுகிறது.

நீங்கள் தண்ணீரில் நிற்கும்போது நான் பனியில் எடுத்த தண்ணீரோடு நிற்பேன். இருவரும் விழாமல் இருப்போம்.

கயல்


ஓலு
டிசம்பர் 4, பகல்

அத்தைக்கு,

தேறிவிட்டேன்.

எப்போதும் போலத் தாளில் எழுதி, அவசரமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது, பாருங்கள்.

முன்னால் போய் நின்றதும் போன தடவை மாதிரியே இரண்டாவது வரியில் பேச்சு நின்றது. உட்காரவில்லை. நின்றேன். கடைசி வரிசையில் ஐனோவும் மூன்றாம் மாடிக்காரர்களும். அது அவர்கள் வகுப்பே இல்லை, எப்படி உள்ளே வந்தார்களோ. ஐனோ வாயை மட்டும் அசைத்து, "இந்தா ஒரு இழுப்பு" என்றாள். அவள் சொன்ன தமிழுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு பேச்சும் வந்தது. பிறகு நிற்கவில்லை. மணி அடித்துத்தான் நிறுத்தினார்கள்.

மார்க்கு ஒரு கேள்வி கேட்டார். நிஜமாகவே தெரியாத கேள்வி. "தெரியாது மார்க்கு, ஆனால் எங்கே துளை போட்டால் தெரியும் என்று காட்டுகிறேன்" என்று சொல்லி, படத்தில் இடத்தைக் காட்டினேன். அவர் எழுந்து கிட்ட வந்து பார்த்தார். பிறகு தன் தாளில் எழுதினார்.

ஐந்துக்கு நான்கு. ஜூன் வரை இங்கேதான் இருப்பேன்.

அங்கே என்ன நடந்தது? யாராவது கூட வந்தார்களா? உடனே எழுதுங்கள்.

கயல்


காமயகவுண்டன்பட்டி
கார்த்திகை 20

கயலுக்கு,

கூட யாராவது வந்தார்களா என்று கேட்கிறாய். இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

நான் எள்ளு, பச்சரிசி மாவு, தர்ப்பை எல்லாம் கூடையில் வைத்துக்கொண்டு சுருளி பஸ்ஸுக்குத்தான் புறப்பட்டேன். தெருமுனையில் ஏசுதாசன் ஜீப் நிற்கிறது. உள்ளே பதினாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற உடுப்பு இல்லை, எல்லாரும் குளித்து நல்ல சேலை கட்டியிருக்கிறார்கள். "வேலைக்குப் போகலையாடி?" என்றேன். "இன்னைக்கு ஒரு நாள் கெடட்டும்க்கா. இது நாங்களா கெடுத்துக்கிறது" என்று சுருளியம்மாள் கூடையை வாங்கிக்கொண்டாள். இயேசுசாமியைக் கும்பிடுகிற ஏசுதாசனும் அன்றைக்கு வாடகை ஓட்டவில்லை.

அருவியில் வெள்ளம். மேலே குளிக்க விடவில்லை. கீழே ஆற்றுப் படித்துறையில்தான் எல்லாரும் திதி கொடுக்கிறார்கள். பூசாரி சின்ன வயசுப் பையன்.

"ஆம்பளை ஆள் யாரும்மா?"

"யாரும் இல்லை. நான்தான் குடுக்கப்போறேன்."

"பொம்பளை குடுக்கிற வழக்கம் இல்லையேம்மா."

"பெத்தவ இருந்து பிள்ளைக்குக் குடுக்கிறதும் வழக்கம் இல்லை தம்பி. அது நடந்துபோச்சு. இதையும் நடத்திவை."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு தர்ப்பையை எடுத்து என் விரலில் மாட்டினான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, இழுத்தது. சுருளியம்மாள் பின்னால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சேலையை அடுத்தவள் பிடித்தாள், அப்படியே கரை வரைக்கும். பேரைச் சொல்லுங்கள் என்றான். உனக்கு எழுதும்போது எழுதியிருக்கிறேன், வாயால் ஒரு வருஷமாகச் சொன்னதில்லை. ஈஸ்வரபாண்டி என்று சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொன்னான். மூன்றாவது தடவை ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்டது. எள்ளும் தண்ணியும் என் கையை விட்டுப் போனது. அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது, ஆனால் நான் விழவில்லை.

பிறகு பதினாலு பேரும் ஒவ்வொருத்தியாக இறங்கி ஒரு கை தண்ணீர் விட்டார்கள். பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இவுக எல்லாம் அவருக்கு என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டான். "ஜீப்புல வந்தவுக" என்று சுருளியம்மாள் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சுருளிப்பட்டி தாண்டினதும் போன் சிணுங்கியது. உன் தாள். என் கண்ணாடி கூடைக்குள் இருக்கிறது, ஜீப் ஆடுகிறது, எழுத்து ஆடுகிறது. முதல் வரி மட்டும் தெரிந்தது. "தேறிருச்சு" என்றேன்.

"என்னாது?"

"கயலு தேறிருச்சுடி."

சுருளியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குலவை போட்டாள் பார். பதினாலு பேரும் சேர்ந்து போட்டார்கள். ஏசுதாசன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. ஊருக்குள் நுழைந்து, கடைத்தெரு வழியாக வந்து, பால்பாண்டி வீட்டு முன்னால் வேண்டுமென்றே ஜீப்பை மெதுவாக விட்டான். அவர் வெளியே வந்தார்.

"என்ன மதினி இது, வருசத் திதியன்னைக்குக் குலவையா?"

எனக்கு முந்திச் சுருளியம்மாள், "வருசம் முடிஞ்சுபோச்சுண்ணே. இனிமேப்பட்டுப் போடலாம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் சேலை இடுப்பு வரைக்கும் ஈரம். விரலில் தர்ப்பை மாட்டினபடியே இருக்கிறது, கழற்ற மறந்திருக்கிறேன். "குடுத்துட்டீகளா?" என்று கேட்டார்.

"குடுத்துட்டேன்."

"கயலு?"

"பாஸாயிருச்சு. அஞ்சுக்கு நாலு."

வாய்க்குள் கணக்குப் போட்டார். "அப்ப எண்பது" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். ஆனால் சன்னல் வழியாகக் கேட்டேன், ஆண்டிபட்டியில் உன் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பிள்ளை எண்பது மார்க்கு, பனிக்கட்டி மேல நின்னு எழுதுன பரிச்சை" என்று தான்தான் அனுப்பிவைத்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அந்த ஸ்பீக்கர் பிடித்தது.

இன்றைக்குக் காலையில் வேலைக்குப் போனோம். வளைவு வந்தது. யாரும் வாயை மூடவில்லை. உன்னைப் பற்றித்தான் பேச்சு. நாலு என்பது நல்லதா, பெரிய நல்லதா என்று ஒரே வாதம். நான் நல்லதுதான் என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் ஒன்றை அந்த மார்க்கு எதற்காக வைத்துக்கொண்டார் என்று பேர் சொல்லியே கேட்டு எழுதச் சொல்கிறார்கள். பதினாலு பேரும் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் எழுது.

உன் அத்தை
சங்கிலியம்மாள்